நாற்காலியைப் பிடித்துவை

பிட் தீவு
12 மே 2015

கியா ஓரா அக்கா,

நீயும் தங்கை ஹூரியாவும் சுகமா? உன் முதுகு எப்படி இருக்கிறது? முதியோர் இல்லத்தில் அந்த நூற்றிருபது கிலோ தாத்தாவை இன்னும் ஒற்றை ஆளாகத்தான் புரட்டிப் போடுகிறாயா? நான் நலம். கைவிரல்களில் மட்டும் தோல் இல்லை. சிங்கி இறால் கூடைக் கயிறு உரித்துவிட்டது.

விமானம் வந்தால் இந்தக் கடிதம் போகும். மூடுபனி இறங்கினால் ஒரு வாரம் மோய்ராவின் ஜன்னலோரத்தில் கிடக்கும். மோய்ரா என் முதலாளி. செம்மறிப் பண்ணையும் இரண்டு படகுகளும் அவளுடையவை. இங்கே இணையம் அவள் சமையலறையில் மட்டும்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து உன்னோடு பேசினால் படகு ஆட்கள் ஆறு பேரும் தேநீர்க் கோப்பையோடு சுற்றி நின்று கேட்பார்கள். அதனால்தான் பேனா. தீவில் மொத்தம் நாற்பது பேர். கடை கிடையாது, பப் கிடையாது. சம்பள நோட்டுகள் மடித்த மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கின்றன.

ஹூரியா நெட்பால் கேப்டன் ஆன படத்தைப் பார்த்தேன். புதுச் சட்டை. முன்னால் பள்ளியின் பெயர், முதுகில் அதைவிடப் பெரிய எழுத்தில் டிரஸ்ட்டின் பெயர். ஊர் பப்பில் சூதாட்ட மெஷின் வைத்து, நம் ஆட்கள் அதில் போடும் காசில் ஒரு பங்கை நம் பிள்ளைகளுக்கே சட்டையாகத் திருப்பிக் கொடுக்கும் டிரஸ்ட். அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறோம்.

அக்டோபர் 3 அவளுக்குப் பதினெட்டு. நம் வீட்டு வழக்கத்தை உனக்கு நான் சொல்லித் தர வேண்டாம். ஐந்து வயதில் லாட்டோ லாட்டரிச் சீட்டுக்கு எண்களை நாம் சொல்ல, அம்மா கட்டங்களை நிரப்புவாள். பத்து வயதில் பப்பில் மேசை மேசையாகப் போய் இறைச்சித் தட்டைப் பரிசாகக் கொடுக்கும் குலுக்கலுக்குச் சீட்டு விற்றோம். பதினெட்டு ஆனதும் வீட்டில் மூத்தவர் கையால் ஓர் இருபது டாலர் நோட்டு, வாழ்க்கையின் முதல் மெஷினில் போட. அதைவிடப் பெரிய நோட்டை மெஷின் விழுங்காது. இருபது ஆனதும் பஸ் ஏறி ஆக்லாந்து கேசினோ. மற்ற வீடுகளில் பிள்ளைகள் வளர்வதைக் கதவு நிலையில் கோடு போட்டு வைப்பார்கள். நம் வீட்டில் இதுதான் கோடு.

அவளுக்கும் அந்த நோட்டைக் கொடுக்கப்போகிறாயா? சும்மாதான் கேட்கிறேன்.

முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்.

உன் தம்பி
அனாரு


டோகொரோவா
3 ஜூன் 2015

அன்புத் தம்பி அனாருவுக்கு,

கடிதம் கிடைத்தது. விரலில் ஆட்டுக் கொழுப்புத் தடவு. முதுகு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, எங்கேயும் ஓடிவிடவில்லை. தாத்தா போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கட்டிலுக்கு வந்திருப்பவர் அவரைவிடக் கனம்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. மில்லில் இன்னும் அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு. நீ இருந்திருந்தால் உன் பெயரும் அதில் இருந்திருக்கும். போனது நல்லதாயிற்று.

ஹூரியாவின் அணி செப்டம்பர் முதல் வாரம் ஆக்லாந்துக்கு ஆடப் போகிறது. அங்கே தேர்வாளர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்களாம். நன்றாக ஆடினால் படிப்புச் செலவோடு எடுத்துக்கொள்ளும் இடங்கள் இரண்டு மூன்று இருக்கின்றன என்று பயிற்சியாளர் சொன்னார். அவள் இதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. பஸ் செலவுக்காகப் பள்ளிக்கூடத்தில் காசு கட்டி ஆடும் ஹவுஸி நடத்தினோம். எண்களை உரக்கக் கூப்பிட்டது ஹூரியாதான். மிச்சத்தை டிரஸ்ட் கொடுத்துவிட்டது. பப் மேனேஜர் டெரெக் அட்டையில் செய்த பெரிய செக்கோடு வந்தார். அது ஹூரியாவைவிட நீளம். "கெட்டியா புடிச்சுக்கோம்மா, காத்துல பறந்துரப்போவுது. உன்னோட சேத்து" என்று சிரித்தார். படம் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது. இத்துடன் வெட்டி வைத்திருக்கிறேன்.

சமையல் இப்போது அவள் கையில்தான். எனக்குச் சில நாள் வேலை முடிய நேரமாகிவிடுகிறது. அவளே வந்து கூட்டிக்கொண்டு போகிறாள்.

குளிருக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். நனைந்ததும் மாற்று. அப்படியே தூங்காதே.

அக்கா
ரிபேகா


டோகொரோவா
28 ஜூன் 2015

அனாரு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். ஊரில் வேறு யாராவது எழுதி நீ தெரிந்துகொள்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

19ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹூரியாவை பப்பில் மெஷின் அறையில் பிடித்துவிட்டார்கள். சும்மா நின்றிருந்தால் துரத்தியிருப்பார்கள். பொத்தானை அழுத்தியிருக்கிறாள். ஆயிரம் டாலர் ஜாக்பாட் விழுந்துவிட்டது. மணி அடித்து, விளக்குச் சுற்றி, எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பார்த்தால் பள்ளிச் சீருடை.

டெரெக் வந்து, "உனக்கு என்ன வயசு?" என்றார். அவருக்குத் தெரியாதா? மூன்று வாரம் முன்புதான் அவளோடு செக் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். "யாரோட வந்தே?" என்று கேட்டார். "தனியாத்தான்" என்றாள்.

ஜாக்பாட் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. திங்கட்கிழமை டிரஸ்ட்டிலிருந்து பள்ளிக்குத் தொலைபேசி போயிருக்கிறது. சூதாட்டத்தில் பிடிபட்ட பிள்ளை தங்கள் பெயர் போட்ட சட்டையோடு திடலில் நிற்பது சரியாக இருக்காதாம். தலைமையாசிரியை திருமதி லாம்பர்ட் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். கேப்டன் பதவி இல்லை, அணியில் இடமும் இல்லை. சட்டையைத் துவைத்து மடித்துத் திருப்பித் தரச் சொன்னார்.

இவளுக்கு எங்கிருந்து இந்தப் புத்தி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. நன்றாகத் திட்டிவிட்டேன். நீயும் திட்டாதே. விட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரிபேகா


பிட் தீவு
11 ஜூலை 2015

அக்கா,

சுகம் கேட்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா இரண்டு பேரும்? மூடுபனியால் எட்டு நாள் விமானம் இல்லை. உன் கடிதம் பக்கத்துத் தீவில் மூட்டையில் கிடந்து நேற்றுத்தான் வந்தது. படித்துவிட்டு வேலி அடிக்கப் போனேன். கட்டைவிரலில் அடித்துக்கொண்டேன்.

ஹூரியா முட்டாள். அதை அவளிடமே சொல்லியிருக்கிறேன். உள்ளே இருக்கும் இன்னொரு தாள் அவளுக்கு. பதினெட்டுக்கு மூன்றரை மாதம் இருக்கும்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகத் தெரிந்தவளுக்கு, அங்கே எத்தனை கேமரா இருக்கிறது என்று தெரியாதா?

ஆனால் ஊரே சேர்ந்து அவள் ஒருத்தியை மட்டும் முட்டாளாக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. நம் நாட்டு வயதுக் கணக்கைக் கொஞ்சம் பார். லாட்டோ வாங்க வயது வரம்பே இல்லை. பால்பல் முளைத்தவன் போய்க் கேட்டாலும் கடைக்காரன் கொடுக்கலாம். அதே கவுண்ட்டரில் அதே கடைக்காரனிடம் சுரண்டல் சீட்டு வாங்கப் பதினெட்டு. பப் மெஷினுக்குப் பதினெட்டு. குதிரைக்குப் பதினெட்டு. கேசினோ மெஷினுக்கு மட்டும் இருபது. இரண்டு மெஷினும் ஒரே மாதிரி சுற்றுகிறது, ஒரே மாதிரி மணி அடிக்கிறது. கேசினோவுக்கு வருகிறவன் டை கட்டியிருப்பான், அவன் பிள்ளை பத்தொன்பது வயதில் கெட்டுப்போனால் பத்திரிகையில் வரும். டோகொரோவா பப்பில் பதினெட்டு வயதில் கெட்டால் யார் எழுதப்போகிறார்கள்? ஏழைப் பிள்ளை இரண்டு வருடம் முன்னாலேயே பெரிய மனுஷன் ஆகிவிடுகிறான் போல.

படகில் இதைச் சொன்னேன். மோய்ரா சொன்னாள், "சட்டத்த எழுதுறவன் சாராயக்கடைப் பக்கம் வந்து எழுதல, தம்பி. நீ கூடைய இழு." இழுத்தேன்.

பத்து வயதில் அதே பப்பில் அவள் இறைச்சித் தட்டுச் சீட்டு விற்றபோது யாரும் வயது கேட்கவில்லை. ஹவுஸியில் எண் கூப்பிட்டபோது கேட்கவில்லை. சூதாட்டக் காசில் தைத்த சட்டையை மாட்டியபோது கேட்கவில்லை. பொத்தானைத் தொட்டதும் எல்லோருக்கும் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்திலும் பிள்ளையையே குற்றவாளி என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நீ விடச் சொல்கிறாய். விடமாட்டேன். சீருடையோடு ஒரு பெண் மெஷின் அறைக்குள் நடந்து போகும்வரை அங்கே இருந்த ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கேமராப் பதிவைப் பார்க்கச் சொல்லி டெரெக்குக்கு எழுதியிருக்கிறேன். திருமதி லாம்பர்ட்டுக்கும், வெலிங்டனில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கும்கூட எழுதியிருக்கிறேன். மூன்று கடிதமும் இதே விமானத்தில் வருகின்றன.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை உனக்குக் காலை ஷிப்ட்தானே? மாலை ஐந்து மணிக்கு நீ எங்கே இருந்தாய்?

பாலைக் காய்ச்சிக் குடி. குளிர் மண்டைக்கு ஏறும்.

அனாரு


டோகொரோவா
20 ஜூலை 2015

அண்ணா,

நீ நலமா? உன் கட்டைவிரல் ஆறியதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீ எழுதிய தாளைப் படித்தேன். 'முட்டாள்' என்று நான்கு இடத்தில் இருக்கிறது. சரி.

யாருக்கும் எழுதாதே. எழுதியிருந்தால் 'மறந்துவிடுங்கள்' என்று இன்னொன்று எழுது. நடந்தது இவ்வளவுதான். போனேன். நாற்காலி காலியாக இருந்தது. ஒரு கோட்டு மட்டும் கிடந்தது, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எப்போதும் அங்கேயே கிடக்கும் ஐவி பக்கத்தில் நின்று அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு தடவை அழுத்தினேன். மூன்றாவது தடவை மணி அடித்தது. எனக்கு அதில் ஆசையெல்லாம் இல்லை.

சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதை இப்போது டானியெல் போடுகிறாள். அவளுக்குத் தோள் கொஞ்சம் தொங்குகிறது. திங்கள், புதன் பயிற்சி நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் வழியாகத் திடல் தெரியும். அதனால் இப்போது சுவர்ப் பக்கம் மாறி உட்காருகிறேன்.

அக்காவிடம் கேள்வி கேட்காதே அண்ணா. அவள் சரியாகத் தூங்குவதில்லை.

குளிரில் தலையில் தொப்பி போடு.

ஹூரியா


டோகொரோவா
3 ஆகஸ்ட் 2015

அனாரு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுவதுதான் மரியாதை. கேட்டுவிட்டேன்.

ஆயிரம் மைல் தள்ளி ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதுவது சுலபம். ரொட்டி வாங்கப் போனால் டெரெக்கின் மனைவி எதிரே நிற்கிறாள். "உங்க தம்பி நல்லா எழுதுறாரே" என்கிறாள். திருமதி லாம்பர்ட் என்னைக் கூப்பிட்டு, "வீட்டுல பெரியவங்க யாராச்சும் இதப் பத்திப் பேசணும்னா நேர்ல வரலாமே" என்றார். நான் என்ன பேச?

அம்மா போனபோது உனக்கு வயது பதினேழு, ஹூரியாவுக்குப் பத்து. அன்று யாரும் வெலிங்டனுக்குக் கடிதம் எழுதவில்லை. நான்தான் பீத்துணி துவைத்துச் சம்பாதித்துப் போட்டேன். உங்கள் இருவரையும் நான் ஒருமுறைகூடக் கணக்குக் கேட்டதில்லை. நீ என்னிடம் ஐந்து மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்கிறாய்.

அவள் வாழ்க்கை இதோடு முடிந்துவிடவில்லை. வேறு வழி இருக்கும். இதைத் தோண்டாதே.

ரிபேகா


டோகொரோவா
7 ஆகஸ்ட் 2015

திரு. அனாரு அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உங்கள் அப்பா உயிரோடு இருந்தபோது அவரும் நானும் ஒரே ரக்பி அணியில் ஆடினோம். அதனால் அலுவலகத் தாளில் இல்லாமல் சொந்தத் தாளில் எழுதுகிறேன்.

கேமராப் பதிவைப் பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தேன். எங்கள் பக்கம் தவறு இருக்கிறது. பீர் பீப்பாய் மாற்ற நான் பின்னால் போயிருந்தேன். கவுண்ட்டரில் நின்ற பெண் புதியவள். பிள்ளை நாலேமுக்காலுக்கு உள்ளே வந்து நின்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தும் யாரும் வெளியே அனுப்பவில்லை. அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் பதிவு நாலேமுக்காலில் ஆரம்பிக்கவில்லை. அந்த நாற்காலியில் மூன்று மணியிலிருந்து ஒருவர் இருந்தார். பிள்ளை நின்று பேசியது அவரோடுதான். கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு, பிள்ளையை உட்காரவைத்துவிட்டு, அவர் சிகரெட்டோடு வெளியே போகிறார். வாரத்தில் நான்கு நாள் வருபவர். பெயர் எழுதும் உரிமை எனக்கு இல்லை.

வெலிங்டனிலிருந்து கேட்டால் முழுப் பதிவையும் கொடுப்பேன். எனக்கு அபராதம் விழும். கட்டிவிடுவேன். மற்றவர்களுக்கு என்ன விழும் என்று நீங்கள் யோசித்து முடிவு செய்யுங்கள்.

மரியாதையுடன்
டெரெக்


பிட் தீவு
19 ஆகஸ்ட் 2015

அக்கா,

நலமா?

அது யாருடைய கோட்டு?

அனாரு


பிட் தீவு
10 செப்டம்பர் 2015

அக்கா,

மூன்று வாரத்தில் நான்கு விமானம் வந்தது. ஒன்றிலும் உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் ஹூரியா சொல்லியிருப்பாள். அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

திருமதி லாம்பர்ட்டின் பதில் வந்தது. மூன்று வரி. பள்ளியின் முடிவு இறுதியானதாம். வெலிங்டனிலிருந்து கடிதம் கிடைத்ததாக ஓர் அச்சிட்ட தாள் வந்தது. நான் அவர்களுக்கு மேற்கொண்டு எதுவும் எழுதவில்லை. டெரெக்கின் கடிதத்தை அடுப்பில் போட நினைத்துப் போடவில்லை.

போன வாரம் ஆக்லாந்தில் ஆட்டம் முடிந்திருக்கும். முடிவைத் தெரிந்துகொள்ள மோய்ராவின் சமையலறைக்குப் போகவில்லை.

சரி, நான் எல்லோரையும் கேள்வி கேட்டது போதும். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். என் பதினெட்டாவது பிறந்தநாளில் நீ கொடுத்த நோட்டைப் போட்டேன். எண்பது டாலர் விழுந்தது. நீ கைதட்டினாய், "ராசிக்கைடா உனக்கு" என்றாய். என் வாழ்க்கையில் அதற்கு முன் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. அதன்பிறகு ஒவ்வொரு சம்பள நாளும் அந்தக் கைதட்டலைத் தேடித்தான் போனேன். மில்லில் என் கருவிப் பெட்டி களவு போனது என்று உன்னிடம் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ மேற்பார்வையாளரிடம் போய்ச் சண்டைகூடப் போட்டாய். அது களவு போகவில்லை. ஹாமில்டனில் ஓர் அடகுக்கடையில் நானே வைத்தேன். வேலை போனதும் அதனால்தான்.

சிங்கி இறாலுக்காக நான் இங்கே வரவில்லை அக்கா. மெஷின் இல்லாத ஊர் எது என்று தேடினேன். நூலகத்து வரைபடத்தில் தேடித் தேடி, நாட்டின் கடைசி ஓரத்தில் இதுதான் கிடைத்தது. நான்கு வருடமாக வீட்டுக்கு வராததற்கும் அதுதான் காரணம். பஸ் நிறுத்தத்திலிருந்து நம் வீட்டுக்கு வர அந்த பப்பைத் தாண்டித்தான் வர வேண்டும்.

நீ கொடுத்த நோட்டு என்பதால் இதுவரை சொல்லவில்லை. சட்டத்தைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது நீ சொல்.

அனாரு


டோகொரோவா
22 செப்டம்பர் 2015

தம்பி,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலமாக இல்லை. ஆனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் கோட்டுத்தான்.

காலை ஷிப்ட் முடிந்து நேரே அங்கேதான் போவேன். அந்த முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க யாராவது என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அவ்வளவுதான் ஆசை. வெல்ல வேண்டும் என்றுகூட இல்லை. ஹூரியா சமைத்து வைத்துவிட்டு என்னைக் கூட்டிப்போக வருவாள். வழக்கமாகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று தட்டுவாள். அன்று நான் திரும்பவில்லை. அதனால் உள்ளே வந்துவிட்டாள்.

"அக்கா, சோறு ஆறுது. வா."

"வந்துட்டேன். இது இப்ப விழுந்துரும்டி, ரெண்டு மணி நேரமா காசு ஊட்டிருக்கேன்."

"எப்பவும் இதத்தான் சொல்ற."

எனக்கு ஒரு சிகரெட் வேண்டியிருந்தது. எழுந்தால் ஐவி வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளை உனக்குத் தெரியும், காசு விழப்போகிற மெஷினை முகர்ந்து பார்த்தே கண்டுபிடிப்பாள். அங்கே எல்லோரும் ஒருவருக்கொருவர் நாற்காலி பிடித்துவைப்போம். கோட்டு மட்டும் போட்டால் ஐவிக்கு அது கணக்கே இல்லை. ஆள் உட்கார்ந்து, அவ்வப்போது பொத்தானில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் வயதையெல்லாம் யோசிக்கவில்லை அனாரு. வீட்டு ஆள் ஒன்று பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான் தெரிந்தது. "அஞ்சு நிமிஷம் நாற்காலியப் புடிச்சு வை. ஐவி வந்தா ஒரு தட்டு தட்டு" என்றேன். "யூனிஃபார்ம் போட்ருக்கேன்க்கா" என்றாள். "யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன்.

வெளியே பாதி சிகரெட்டில் மணிச் சத்தம் கேட்டது. முதலில் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதுகிறேன், எழுதினால்தான் சரி. 'என் ஜாக்பாட்' என்று தோன்றியது. ஓடினேன். உள்ளே டெரெக் அவள் முன்னால் நிற்கிறார். அவள் என்னைப் பார்த்தாள். "யாரோட வந்தே?" என்று அவர் கேட்டபோதும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இல்லத்தில் என் வேலை போகும், ஊர் பேசும் என்றெல்லாம் பின்னால்தான் காரணம் கண்டுபிடித்தேன். அந்த நேரத்தில் ஒரு காரணமும் இல்லை. அவள் "தனியாத்தான்" என்று சொல்லும்வரை காத்திருந்தேன்.

அதோடு விட்டேனா? எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்து இழுத்து, "வீட்டுக்கு வாடி, உனக்கு இருக்கு" என்றேன். ஐவிக்கு உண்மை தெரியும். அவள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் சோறு ஆறிப்போயிருந்தது. ஹூரியா அதைச் சூடாக்கி எனக்குப் போட்டாள்.

உன் கருவிப் பெட்டிக்காக நான் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறது. அந்த ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் இறந்துவிட்டார்.

நாளைக் காலை பள்ளிக்குப் போகிறேன். என்ன நடந்தாலும் எழுதுகிறேன். என்னால் முடியாவிட்டால் அவள் எழுதுவாள்.

ரிபேகா


டோகொரோவா
6 அக்டோபர் 2015

அண்ணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கட்டைவிரல் நகம் விழுந்து புதிது முளைத்ததா? நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

அக்கா பள்ளிக்குப் போனாள். நானும் அறையில் இருந்தேன். எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திருமதி லாம்பர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "இத ஜூன்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். ஆக்லாந்து ஆட்டம் முடிந்துவிட்டது. நம் அணி இரண்டாவது நாளே தோற்றுத் திரும்பியது. தேர்வாளர்கள் டானியெலை ஒரு தாளில் குறித்துக்கொண்டார்களாம். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் திருமதி லாம்பர்ட். படிப்பு முடிந்து அடுத்த வருஷம் நான் அந்தப் பள்ளியில் இருக்க மாட்டேன் என்று அவருக்கு ஞாபகம் வரச் சிறிது நேரம் ஆனது. பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

சனிக்கிழமை பிறந்தநாள். காலையில் அக்கா குளித்து, வெளியே போகும் சட்டை போட்டுக்கொண்டு, "வா, பப்புக்குப் போவோம்" என்றாள். அவள் கைப்பையில் புது இருபது டாலர் நோட்டு இருந்ததை முந்தின நாளே பார்த்திருந்தேன்.

வாசலில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இறைச்சித் தட்டுச் சீட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்க்காத மாதிரி நடந்தாள்.

டெரெக் கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாள அட்டை கேட்டார். தேதியைப் படித்துவிட்டு, "அட, இன்னிக்கா? வாழ்த்துக்கள்மா. இனிமே எந்தக் கதவ வேணா தெறக்கலாம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அக்கா சொன்னாள், "அவ தெறக்க வரல. நான் மூட வந்திருக்கேன். அந்தத் தடைப் படிவம் இருக்கில்ல, அத எடுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. தன்னை உள்ளே விடக்கூடாது என்று ஒருவர் தானே எழுதிக் கொடுக்கும் தாள். மெஷின் அறைச் சுவரில் அதைப் பற்றி ஒட்டியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. டெரெக் இழுப்பறையில் வெகுநேரம் தேடினார். "எவ்வளவு நாளைக்கு?" என்றார்.

"அதிகபட்சம் எவ்ளோ?"

"ரெண்டு வருஷம்."

"அதப் போடுங்க."

படம் ஒட்ட வேண்டுமாம். அக்காவிடம் படம் இல்லை. நான்தான் என் போனில் எடுத்தேன், பீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கவைத்து. சிரிக்கவா வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினாள். "இவளும் சாட்சியாப் போடட்டும்."

"சாட்சிக்கெல்லாம் இதுல எடமில்லையே" என்றார் டெரெக்.

"அன்னிக்கு என் எடத்துல உக்காந்திருந்தாளே, என் பேருக்குப் பக்கத்துலயே போடட்டும்" என்றாள் அக்கா.

அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஓரத்தில் பெயரையும் தேதியையும் எழுதினேன். உள்ளே ஐவி அதே நாற்காலியில் இருந்தாள். திரும்பவே இல்லை.

இந்தத் தாள் அந்த ஒரு பப்புக்கு மட்டும்தான். ஊரில் இன்னும் இரண்டு இடம் இருக்கிறது. நேற்று ஒன்றுக்குப் போனோம், மேனேஜர் இல்லை, வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அக்கா வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமையும் கூடப் போவேன். இரண்டு வருடம் கழித்து எனக்கு இருபது ஆகும், அவளுடைய தாளும் முடியும். அன்று ஆக்லாந்து கேசினோவுக்கு பஸ் ஏற மாட்டோம் என்று எழுதித் தரச் சொன்னேன். "அதுக்குப் படிவம் இல்லடி" என்றாள்.

டவுபோவில் ஓர் அணி பயிற்சி ஆட்டக்காரர்களை எடுக்கிறதாம். படிப்புச் செலவெல்லாம் கிடையாது, பஸ் செலவு நம்முடையது. போய்ப் பார்க்கிறேன்.

அந்த நோட்டை வீட்டுக்கு வரும் வழியில் அக்கா என் கையில் வைத்தாள். "வழக்கத்த நிறுத்த மனசு வரலடி. நீ என்ன வேணா செஞ்சுக்கோ" என்றாள். மூன்று நாளாக என் பையில் இருக்கிறது. பப்பைத் தாண்டும்போதெல்லாம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். உன் தீவில் கடையும் இல்லை, மெஷினும் இல்லை என்றாயே. பெட்டியில் போட்டுவை.

குளிர் குறைந்தாலும் தொப்பியைக் கழற்றாதே.

ஹூரியா